மகள் எழுதிய குடிகாரன்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

மகளும் கெம்பஸில் படித்தபடி அவளோடு சஞ்சிகை நடத்தும் இரண்டு பிள்ளைகளும் இன்று கொட்டகலை வீட்டுக்கு வந்தார்கள். நான் தேத்தண்ணி நீட்டினால் கண்ணாடி போட்ட பையன் என் மூச்சை முகர்ந்து பார்க்கிறான். கூட வந்த பெண்பிள்ளை என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, “ஆன்ட்டி, அங்கிள் ஒங்கள அடிப்பாரா?” என்று கேட்டிருக்கிறாள். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “இவருக்கு ஏது அவ்வளவு தைரியம்?” என்றாளாம்.

பிறகுதான் விசயம் தெரிந்தது. இந்த இதழில் வரப்போகும் மகளுடைய கதையில், வேன் ஓட்டும் அப்பா ஒரு பெருங்குடிகாரன். நானோ அரை போத்தல் பியருக்கே தூங்கிவிடுகிறவன்.

“அது நீங்க இல்லப்பா. கத.”

“அப்ப வேனு?”

“வேன் மட்டும் நம்ம வேன்.”

நான் ஓட்டுவது ஸ்கூல் வேன். சஞ்சிகையை இங்கே பஜாரிலும் விற்பார்களாம். அதை வாசித்த பிறகு எந்தத் தாய் பிள்ளையை என்னோடு அனுப்புவாள்?

“வேணான்னா எடுத்துர்றேன்ப்பா. நாளைக்குத்தான் அச்சுக்குப் போகுது.”

அச்சில் வரப்போகும் அவளுடைய முதல் கதை. முகத்தைப் பார்த்தேன். “போடும்மா, பாத்துக்கலாம்” என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான், கடைசியில் அந்த வேனுக்கு என்ன ஆகிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்டேன். “அது வெறும் கதப்பா” என்றபடியே படுக்கப் போய்விட்டாள்.