பங்களிப்புப் படிவமும் மணியக்காவின் கொப்பியும்

6.7.2004, செவ்வாய்
மழை. மூன்று நாளாகச் சப்பாத்து காயவில்லை. வாட்டில் குடலிறக்கம் இரண்டு, அப்பெண்டிக்ஸ் ஒன்று.

மருத்துவச் சஞ்சிகையிலிருந்து படிவம் வந்துவிட்டது. குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்த எங்கள் ஆய்வு. யார் என்ன வேலை செய்தார், யார் உதவி தந்தார், எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சர்ஜன் சேர் நிரப்பியே கொடுத்தார். வெளி உதவி: இல்லை. வீடு தேடிப் போய்ப் புண்ணைப் பார்த்தவர்: நான்.

நானா! தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கியது தோட்டத்து மருத்துவமாது மணியக்கா. வலை அத்தனையும் அதைச் செய்யும் கம்பனி இலவசமாகத் தந்தது. சேரிடம் சொன்னேன்.

"சும்மா தந்ததுதானே, அதை ஏன் எழுதுவான்? மேற்படிப்புக்கு உமக்கு என்ரை கடிதம் வேணுமெண்டால் கையெழுத்தைப் போடும்."

கடிதம் வேண்டும்தான். பேனாவைத் திறந்தேன், மூடினேன்.

8.7, வியாழன்
தலவாக்கலை பஸ். வாங்க வேண்டியவை: குடை, பற்பசை, அம்மாவுக்குத் தைலம்.

பிறகு மணியக்காவிடம். உங்கள் பெயரையும் போடப்போகிறேன் என்றேன், பெரிய உபகாரம் செய்பவள் மாதிரி.

"எம் பேரு கெடக்கட்டுங்க டாக்டரம்மா. நாலு பேருக்குச் சீழ் வச்சுச்சே, அத எழுதுனீங்களா?"

எந்த நாலு பேர்? கொப்பியை நீட்டினார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது, கொட்டகைக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்து எழுதியது. சீழ் வைத்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். போகச் சொல்லியிருக்கிறார், ஒருவரும் வரவில்லை.

"ஒரு நாள் சம்பளம் போயிருமேங்க. யாரு வருவா?"

வராதவர் எல்லாம் ஆறியவர் என்று எண்ணிவிட்டேன். லயத்தில் பிறந்தவள் நான், எனக்கா தெரியாது? கால் வீங்கியபோதும் அப்பா மலைக்கு வேலைக்குத்தான் போனார். சேர் மேல் இல்லை, என் மேல்தான் கோபம். சீ.

நால்வரையும் பார்த்தேன். ஒருவருக்கு இன்னும் கசிகிறது. திங்கள் வாட்டில் சேர்க்க. தோட்டத்து லொறி கேட்க.

10.7, சனி
மழை விட்டது. அந்த நால்வரையும் சேர்த்து ஆய்வு அட்டவணையைத் திருத்தினேன். புதுப் படிவம். வலை: கம்பனி இலவசம். புண் பார்த்தவர்: மணியக்கா, முழுப் பெயரோடு.

சேருக்கு முகம் சிவந்தது. "கம்பனிக்காரனுக்கு நான் என்ன சொல்லுறது? உம்மடை பேரை வெட்டிப்போடுவன்."

"வெட்டுங்க சேர். அந்த நாலு பேர வெட்ட விடமாட்டேன்." சொல்லிவிட்டேன்.

படிவம் அவர் மேசையில். கடிதம் கிடைக்காது, தெரியும். என் பங்களிப்பு என்ற கட்டத்தில் எழுதியது: முதலில் தவறாக எண்ணினேன், பிறகு திருத்தினேன்.