ஏழரைத் தாளம்

வெள்ளவத்தை
2025 ஜூன் 3

அன்பின் றம்ஸி மச்சான்,

போன் எடுத்தால் உனக்குக் காது கேட்காது என்று உன் மகள் நுஸ்லா சொன்னாள். அதனால்தான் கடிதம். நமது ‘பனிமூட்டம்’ இசைக்குழு பழைய சத்தத்துக்கே திரும்பிப் போகிறது! இத்தனை வருஷமாகக் கல்யாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டு வாசித்து எனக்கே என் கிட்டார் வெறுத்துவிட்டது. இப்போதுள்ள இளசுகள் நமது முதல் கசட்டைத் தேடிக் கேட்கிறார்களாம். அரைமணி நேரம் ஓடுகிற பாட்டு வேண்டுமாம், ஆர்கன் வேண்டுமாம், உன் ‘ஏழரை’ வேண்டுமாம். ஓகஸ்டில் உன் ஊர்ப்பக்கம், மாத்தளையிலேயே மேடை. நீ டிரம்ஸில் உட்காராமல் அந்தப் பாட்டு ஏது? வா மச்சான்.

உன்
சதீஸ்குமார்


அலுவிகாரை
ஜூன் 11

அன்பின் சதீஸ்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பொஞ்சாதி நஸ்மியா ஏசுகிறாள். “கடையில சீனி கேட்டா உப்பு குடுக்கிறீங்க. இதுல மேளம் வேறயா?” என்கிறாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன். இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காதில் மிஷின் போட்டாலும் இரைச்சல்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் மேடைப் பலகை வழியாக எல்லாம் உள்ளங்காலுக்கு வரும். ஏழு அடி முழுசு, எட்டாவதைப் பாதியில் வெட்ட வேண்டும். அதை மறப்பேனா? நீதானே “எங்களுக்குச் சனி, உனக்குத் தாளம்” என்று சிரித்துப் பேர் வைத்தாய்.

பேரப்பிள்ளைகள் பார்க்க ஒரே ஒரு தரம் வாசித்துவிட்டால் போதும், மச்சான். என்னால் முடியாது என்று உனக்குத் தோன்றினால் இப்போதே எழுதிவிடு. கோபிக்க மாட்டேன்.

றம்ஸி


வெள்ளவத்தை
ஜூன் 20

அட மடையா,

நீ இல்லாமலா? முதல் பாட்டே ஏழரைதான். மிஷினைக் கழற்றிவிட்டு வா, மேடைச் சத்தத்துக்கு அது கீச்சிடும். உனக்குப் பின்னால் ஒரு திரை இருக்கும். அங்கே வயரும் பெட்டியும்தான், அந்தப் பக்கம் போகாதே.

சதீஸ்


அலுவிகாரை
ஓகஸ்ட் 18

சதீஸ்,

சனம் எழும்பி நின்று கைதட்டியது. பேரப்பிள்ளைகள் இன்னும் அதையே பேசுகிறார்கள்.

பாட்டின் நடுவில் என் கை நரம்பு பிடித்துக்கொண்டு குச்சி கீழே விழுந்தது. நிறுத்திவிட்டேன். பெடலிலிருந்து காலையும் எடுத்துப் பலகையில் வைத்தேன். என் காலுக்குக் கீழே ஏழரை ஓடிக்கொண்டே இருந்தது! திரைக்குப் பின்னால் யாரடா இருந்தான்? என் மைக்கை வெட்டிவிட்டாயா? பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். குச்சியை எடுத்து, வெட்கம் கெட்டு, அவனோடு சேர்ந்து கடைசிவரை அடித்தேன்.

நான் செவிடன்தான் சதீஸ், செத்துப்போகவில்லை. கசட்டில் இருக்கிற அந்த அடி என்னுடையது. அதை எவனுக்கோ தூக்கிக் கொடுக்க நீ யார்?

றம்ஸி


வெள்ளவத்தை
ஓகஸ்ட் 25

அன்பின் றம்ஸி,

மைக்கை வெட்டச் சொன்னது நான்தான். டிக்கட் எடுத்து வந்த சனத்துக்கு முன்னால் ஒரு செவிடனை நம்பிப் பாட்டை விட முடியுமா? எங்களுக்கு வேண்டியிருந்தது உன் நரைத்த தலையும் உன் சிரிப்பும் மட்டும்தான்.

அதோடு விட்டிருப்பேன். ‘அந்த அடி என்னுடையது’ என்று எழுதினாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த முதல் கசட் பதிவன்று ஸ்டூடியோவில் நீ ஒரு சுற்று ஏழு, ஒரு சுற்று எட்டு என்று தடுமாறி வாசித்துவிட்டு மாத்தளை பஸ் ஏறிவிட்டாய். நீ போன பிறகு அங்கிருந்த ஒருவர் உன் வாசிப்பை முழுக்க அழித்துவிட்டுத் தானே வாசித்தார். எட்டாவதைப் பாதியில் வெட்டியது அவர் கை. நீ மனம் உடைவாய் என்று கசட் அட்டையில் உன் பேரைப் போட்டோம். நீயும் அந்தக் கசட்டைக் கேட்டு, அது நீதான் என்று நம்பி, அவரைப் போலவே வாசிக்கப் பழகிக்கொண்டாய். நாங்கள் எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்திருப்போம்!

ஒக்டோபரில் குருநாகலில் மேடை. நீ வருகிறாயா, வேறொரு நரைத்த தலையைத் தேடிக்கொள்ளவா? கெதியாக எழுது.

சதீஸ்குமார்