ஒரு பெயரை மட்டும் வாசித்தவனுக்கு

இன்று மாலை தொலைக்காட்சியில், வீடு எரிந்துபோன ஒரு தாயின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டி, "இப்ப உங்க மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். கீழே சிவப்பு எழுத்துகள் ஓடின. என் பேத்தி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உன் நினைவு வந்தது. கூடவே அந்தப் பழைய வயிற்றெரிச்சலும் வந்தது. செத்தும் நீ என்னை விடுவதாக இல்லை.

இந்த மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய சமயம். நம் காஜா பேராங் பேட்டைக் கோப்பிக் கடையில், எழுத்துத் தெரியாதவர்களுக்கு நாம் இருவரும் மாறி மாறிப் பத்திரிகை வாசித்துக் காட்டுவோம். சுத்தமான உச்சரிப்பு என்னுடையது. ஆனால் என் முறை வந்தால் ஆட்கள் வெற்றிலை வாங்க எழுந்துபோவார்கள்; உன் முறைக்குப் பெஞ்சில் இடம் இருக்காது. கிள்ளானில் ஒரு மாடு கிணற்றில் விழுந்தால், நீ படிக்கும்போது மாடு கதறும், மாட்டுக்காரன் மாரில் அடித்துக்கொண்டு அழுவான். பத்திரிகையில் இரண்டு வரிதான் இருக்கும்.

அப்போதுதான் அந்தச் சிரிப்புப் படம் வந்தது. நம்மில் யாரும் தொலைக்காட்சியைக் கண்ணால் கண்டதில்லை. படத்தில் ஒருவன் தலையில் மரப்பெட்டியை மாட்டிக்கொண்டு, 'படம் காட்டும் ரேடியோ' என்று சொல்லித் திரிவான். சாவு வீட்டுக்குள் நுழைந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா அழுங்கம்மா, அடுத்த ஊருக்குக் கேக்கல" என்பான். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும், "டேய், அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது நான்தாண்டா" என்றாய்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இனி நீ ஜோடித்துப் படிக்க மாட்டாய், பெஞ்சு முழுக்க எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அந்த வாரமே புக்கிட் பாரு பக்கம் லாரி கவிழ்ந்து, கடைக்கு வழக்கமாக வரும் முனியாண்டி அண்ணனின் மகன் இறந்துபோனான். அடக்கம் முடிந்த மறுநாள் அவரே கடைக்கு வந்து உட்கார்ந்தார். அன்று உன் முறை. ரத்தம், அலறல் என்று செய்தியைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கூட்டம் உன் வாயையே பார்த்தது. நீ பக்கத்தைப் புரட்டி, "இன்னைக்கு பந்து வெளையாட்டுச் செய்திதாண்ணே" என்றாய்.

"எம்மவன் பேரு போட்டிருக்காமே தம்பி. அத மட்டும் படி."

நீ பெயரை மட்டும் படித்தாய். மெதுவாக, எதையும் சேர்க்காமல்.

"இன்னொரு வாட்டி" என்றார் அவர். படித்தாய்.

அதன் பிறகு உன் முறைக்கு மட்டுமே அவர் வந்தார். நீயும் அச்சில் இருந்ததை இருந்தபடியே வாசித்தாய். அப்போதும் பெஞ்சு நிறைந்துதான் இருந்தது. இதற்கு நான் என்ன செய்ய?

அன்று வெறும் கேலியாகத் தெரிந்த அந்தப் பெட்டிக்காரன் இன்று வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை. யாரும் சொல்லாமலே உனக்கு வந்த அந்த வெட்கத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

உன் இறுதிச் சடங்கில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் உன் பெயரை மட்டும் சொன்னேன். மெதுவாக, என் சுத்தமான உச்சரிப்பில். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இன்னொரு வாட்டி என்று யாரும் கேட்கவில்லை.