முழங்கை வெளுத்த ஜாக்கெட்

அன்புள்ள மாமாவுக்கு, மேனகா எழுதுவது. நீங்கள் நலமா? அத்தையின் முட்டிவலி பரவாயில்லையா?

சித்தேரி மலையில் வண்டி ஓட்டும்போது போட்டுக்கொள்ள, எங்கள் டெல்லி கம்பெனியில் தைத்த தோல் ஜாக்கெட் அனுப்புகிறேன். புழுதி தெரியாத செம்மண் நிறமாகப் பார்த்து எடுத்தேன். முழங்கை வெளுத்திருப்பதைப் பார்த்து அத்தை, "எம் மவனுக்குப் பழசப் போயி வாங்கி அனுப்பியிருக்காளே" என்பார். புதுசுதான். பழசு மாதிரி தெரிய உப்புத்தாளால் தேய்ப்பதுதான் இங்கே என் வேலை. இதைத் தேய்க்கும்போது என் விரலும் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, இப்போது ஆறிவிட்டது. கை நீளமென்று மடிக்காதீர்கள், ஹேண்டில்பாரைப் பிடித்தால் சரியாகிவிடும். ஜீன்ஸுக்குப் போடுங்கள், லுங்கிக்கு வேண்டாம்.

பார்சல் கட்டுபவர் அவசரப்படுத்துகிறார். வண்டியில் போகும்போது போடுவீர்களே, அந்தப் பழைய ஸ்வெட்டர் இனி உங்களுக்கு எதற்கு? எனக்கு அனுப்பிவிடுங்கள், இங்கே குளிர். துவைக்க வேண்டாம்.

உங்கள் மேனகா