ஏலத்தில் எடுத்த வில்லன் வேஷம்

அக்டோபர் 23, புதன்

மழை. கேம்ப் ரோடு முழுக்கச் சேறு. என் குழாய்ச் சாமான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். வண்டியின் பின்னால் கொட்டை எழுத்தில் 'நான் ரொம்ப மோசமானவன்' என்று ஸ்டிக்கர். பனியனில் ரத்தம் சொட்டும் கத்தி. வேண்டியது பாத்ரூம் குழாய்.

நீளமா குட்டையா என்று கேட்டேன். மோசமானவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு போன் போட்டான். "ஏம்மா, லாங்கா ஷார்ட்டா? சரிம்மா… சரிம்மா… திட்டாதம்மா, கடைல கீறேன்." குட்டையை வாங்கிக்கொண்டு போனான். மத்தியானம் திரும்பி வந்து நீளமாக மாற்றிக்கொண்டான்.

இந்தக் காலத்து வில்லன்கள் இவ்வளவுதான்.

நவம்பர் 3, ஞாயிறு

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல ஏலம். கேக், சேவல், வாழைத்தார், பூசணிக்காய் எல்லாம் நாமே கொண்டுவந்த காணிக்கை. அதை நாமே போட்டி போட்டு விலை ஏற்றி எடுத்துப்போகிறோம். இந்த வருஷம் வாலிபர் சங்கம் புதிதாக ஒன்றைக் கிளப்பியது. கோயில் கூரைச் செலவுக்காக கிறிஸ்துமஸ் நாடகத்தின் வேஷங்களையும் ஏலம் விட்டார்கள்.

நாடகம் என் மகள் டெபோரா எழுதியது. ஏரி வறண்டுபோன ஊர். தண்ணீர் லாரி வைத்திருக்கும் ராஜசிங்கம் ஊர்க்கிணற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறான். அவன் வில்லன். ஊருக்காக அவனிடம் போய் நிற்கிறவன் நல்லவன்.

நல்லவன் வேஷத்தை முதலில் விட்டார்கள். சத்தமே இல்லை. ஆயர் தொண்டையைக் கனைத்தார். கூடவே ஒரு பூசணிக்காய் இலவசம் என்றார்கள். அப்போதும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் மைக் செட் பார்த்துக்கொண்டிருந்த எபியின் தலையில் வேஷத்தையும், கையில் பூசணிக்காயையும் வைத்தார்கள். அவன் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

அடுத்து வில்லன். அடேயப்பா! ஹெட்மாஸ்டர், பல் டாக்டர், பேங்கில் ரிட்டயர் ஆன கிருபாகரன் எல்லாரும் எழுந்து நின்று கேட்கிறார்கள். ஆட்டோக்காரன் முறைத்தால் மீதிச் சில்லறை கேட்காமல் இறங்கிப் போகிறவர்கள்!

"சார், உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேஷம்?" என்றேன் கிருபாகரனிடம்.

"வந்தவன் போனவனுக்கெல்லாம் குட் மார்னிங் சொல்லியே சர்வீஸ் முடிஞ்சிடுச்சு தேவானந்தம். ஒரு நாளாவது கண்ணை உருட்டிப் பாத்துடணும்யா."

கேட்கச் சகிக்கவில்லை. எரிச்சலில் நானும் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகு தோற்கவா முடியும்? வேஷம் எனக்கு. என் புத்தி எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வசனத்தைப் படித்தேன். ராஜசிங்கம் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறான். யார் கெஞ்சினாலும் அதைச் சுண்டிவிட்டு "அப்புறம்?" என்கிறான். வந்தவர்களை உட்காரச் சொல்வதில்லை.

என் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு ரப்பர் பேண்ட். என் மனைவி சரோஜினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். "யாரைப் பாத்து எழுதுனானு இப்பதான் தெரியுதாக்கும்? கோயில்ல எல்லாருக்கும் தெரியும்" என்று அங்கிருந்து குரல்.

தெரியட்டும். ஜூன் மாதம் டெபோரா எபியைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் 'ம்', 'ம்ஹூம்' மட்டும்தான். ஓசூரில் ஒரு ஸ்கூலில் டீச்சர் வேலை வந்திருக்கிறது, ஜனவரியில் சேர வேண்டுமாம். "அப்பா சரின்னா இங்கயே இருப்பேன். இல்லன்னா ஓசூர் போயிடுவேன். ஓடிப்போயெல்லாம் கட்டிக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பிடிவாதம். யாருடைய ரத்தம்?

எபி குடிகாரன், ஊதாரி என்றால் அடித்துத் திருத்தலாம். அவன் நல்லவன். அதுதான் கோளாறு. மைக் செட்டும் லைட்டும் வாடகைக்கு விடுகிறான். செம்பாக்கத்தில் எவன் வீட்டு விசேஷமானாலும் "பரவால்லண்ணா, அப்புறம் பாத்துக்கலாம்." இல்லை என்ற சொல் அவன் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நாளைக்கு ஒருவன் வந்து குடியிருக்கும் வீட்டைக் கேட்டால், சாவியோடு காபியும் கொடுத்து அனுப்புவான். அந்த வீட்டில் என் பெண் இருப்பாள்.

கடையில் ஒரே ஒரு ஸ்டூல்தான். சாமான் வாங்க வராத எவனையும் அதில் நான் உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தவன் எதையாவது கேட்காமல் எழுந்திருக்க மாட்டான். இது வில்லத்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

ஒத்திகை. கிருபாகரன் அழையாமலே வருகிறார், வில்லன் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க. அவர் சிரித்தால் இழுப்பு வந்த மாதிரி இருக்கிறது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கடைசிக் காட்சிதான் கொடுமை. நல்லவன் வந்து "உன்னை மன்னிக்கிறேன்" என்கிறான். பாடகர் குழு ஒரு பாட்டுப் பாடுகிறது. ராஜசிங்கம் குலுங்கிக் குலுங்கி அழுது சாவியை நீட்டுகிறான்.

"பாட்டு கேட்டு சாவி குடுக்குறவன் லாரி தொழிலுக்கே வந்திருக்க மாட்டான்" என்றேன்.

"கிறிஸ்மஸ் டிராமாப்பா. குடுத்துதான் ஆகணும்" என்றாள் டெபோரா.

ஜூனுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு. குறித்து வைக்கிறேன்.

நடுவில் எபிக்கு ஒரு போன். பீர்க்கன்கரணையில் யாருக்கோ பிறந்தநாளாம். "கண்டிப்பா வர்றேண்ணா. ஐயையோ, காசெல்லாம் எதுக்கு?" நான் ரப்பர் பேண்டைச் சுண்டினேன். வசனத்தில் அந்த இடத்தில் அது இல்லை.

டிசம்பர் 4, புதன்

குடோனில் சிரித்துப் பழகினேன். பெரிய பைப்புகளுக்குள் குரல் போய் நன்றாக எதிரொலிக்கிறது. பிளம்பர் பொன்னுசாமி எட்டிப் பார்த்து, "சார், இன்னா ஆச்சு? சோடா வாங்கியாரட்டா?" என்றான்.

எனக்கு நானே பொய் எழுத வேண்டாம். பிடித்திருக்கிறது.

ஊர் என்னைக் கறாரானவன் என்கிறது. ஆனால் நாள் முழுக்க நான் பேசுவது என்ன? வாங்க சார், பாத்துப் போட்டுத் தர்றேன் மேடம், உங்களுக்கு இல்லாததா சார். தானே குழாயை உடைத்துக் கொண்டுவந்து 'ஏமாத்திட்டியே' என்கிறவனுக்கும் ஒரு கும்பிடு. வியாபாரி எல்லாருக்கும் பிடித்தவனாக இருந்து தொலைக்க வேண்டும். ராஜசிங்கத்துக்கு அந்தப் பேஜார் இல்லை. அவனை யாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை! என்ன ஒரு சுகம்!

கிருபாகரனும் அந்த ஸ்டிக்கர்காரனும் இதற்குத்தான் நாக்கைத் தொங்கப்போட்டு அலைகிறார்கள். முட்டாள்கள். கத்தி என்ன, கண் உருட்டல் என்ன, சிரிப்பு என்ன! வில்லனிடம் சரக்கு ஒன்றே ஒன்றுதான் — முடியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு சும்மா இருப்பது. அதைச் சொந்தக் குரலில் ஒருமுறை சொல்லத் துப்பில்லாதவர்கள்தான் மீசை ஒட்டிக்கொண்டு சொல்ல ஏலம் கேட்கிறார்கள்.

நானும்தான் கேட்டேன். சரி, விடு.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒட்டு மீசை வைத்தால் தும்மல் வருகிறது. தும்மும் வில்லனுக்கு எவன் பயப்படுவான்?

டிசம்பர் 22, ஞாயிறு

முடிந்தது. ஆனால் எழுதியபடி முடியவில்லை.

கூட்டம் வாசல்வரை. சாவியைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு வந்தேன். முன்வரிசையில் பாதிப் பேர் என் வாடிக்கைக்காரர்கள். ஒருவருக்கும் 'சார்' போடாமல் எல்லாரையும் முறைத்தேன். வெல்லமாக இனித்தது.

கடைசிக் காட்சியில் எபி வந்தான். "உன்னை மன்னிக்கிறேன் ராஜசிங்கம்." பாட்டு ஆரம்பித்தது. நான் அழ வேண்டும். வரவில்லை. ஏன் வர வேண்டும்? பாடகர் குழுவைக் கை நீட்டி நிறுத்தினேன். ரப்பர் பேண்டைச் சுண்டினேன்.

"அப்புறம்?"

எபி விழித்தான். "அதான்… மன்னிச்சிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். கிணறு பூட்டியேதான் இருக்கும். கிளம்பு."

ஆர்கன் நின்றது. திரைக்குப் பக்கத்தில் டெபோரா தலையில் கைவைத்துக்கொண்டாள். எபிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. மேடையோரம் கிடந்த நாற்காலியை இழுத்தான். எனக்கு நேர் எதிரே போட்டான். நான் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"முடியாது."

"என்ன முடியாது?"

"கிளம்ப முடியாது. மன்னிச்சது வேற, சாவி வேற. சாவி வாங்காம எந்திரிக்க மாட்டேன்."

"நாளைக்கு வா, பாக்கலாம்."

"முடியாது."

"ஆயர் ஜெபம் பண்ணணும்னு காத்துக்கிட்டு இருக்காரு, தெரியுமில்ல?"

"இருக்கட்டும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எபி சிரிக்கவில்லை. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரில் இருப்பவன் எழுந்திருக்க மாட்டான் என்று தெரிந்துவிட்டால் பேரம் அதோடு முடிந்தது. அது எந்த வியாபாரிக்கும் தெரியும். சாவியைக் கொடுத்தேன். அழாமல்.

கிருபாகரன் எழுந்து நின்று கைதட்டினார். யாருக்கு என்று தெரியவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

"மாசக்கணக்கா எழுதுனேன், மொத்தத்தையும் கெடுத்துட்டீங்க" என்று டெபோரா காலையில் ஒரு பாட்டம் திட்டினாள். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திட்டினாள்.

ஜனவரி 6, திங்கள்

எபி கடைக்கு வந்தான். நான் டெஃப்லான் டேப்பை எண்ணி ஸ்டூலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கும் முன் அவனுக்கு ஒரு போன். "இல்லண்ணா… இல்லண்ணா, சும்மா எல்லாம் முடியாதுண்ணா. வாடகை குடுத்தாத்தான் செட் வரும்." வைத்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டான். எனக்குக் காட்டுவதற்காகப் பேசினானோ? போனின் மறுபக்கம் வசவு எனக்கே கேட்டது. நிஜம்தான்.

"டெபோரா அடுத்த வாரம் ஓசூர் போறா அங்கிள். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"யோசிச்சு சொல்றேன்."

"ஜூன்லேர்ந்து யோசிக்கிறீங்க. சொல்ற வரைக்கும் நிக்கிறேன்."

மணிக்கட்டில் விரல் போயிற்று. ரப்பர் பேண்ட் இல்லை. வேஷப் பெட்டியோடு போய்விட்டது.

நின்றான். ஒரு அம்மா ஷவர் வாங்கிக்கொண்டு போனார். பொன்னுசாமி வந்து பைப் எல்போ வாங்கினான், இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான். இவன் அப்படியே நின்றான்.

ஸ்டூலில் இருந்த டேப்பையெல்லாம் எடுத்துக் கீழே வைத்தேன்.

"உக்காரு."

அவன் ஒன்றும் வாங்கவில்லை.