தட்டிப் பார்த்த மாளிகை

விருத்தாசலம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா எழுதுவது. கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், கனடாக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசினால் பாதியிலேயே என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன், கடைசி வரை படி.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போய், நீ கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் கோகுலகிருஷ்ணன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். பாழடைந்து கிடந்த முப்பாட்டன் காலத்து மாளிகையை, என்ஜினீயருக்குப் படித்தவர் என்பதால் அவரே கூட நின்று புதுப்பித்து, முன்கட்டை ஊரார் பார்க்கத் திறந்துவிட்டு, பின்கட்டில் தாயும் மகனுமாக இருக்கிறார்கள். வாசலில் டிக்கெட் கொடுக்கிறார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் டிக்கெட் கவுண்டரை இந்த ஜென்மத்தில் இப்போதுதான் பார்த்தேன், நம்மிடம் வாங்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் அம்மா கமலம் காபி கொண்டுவந்து நீட்டினார்கள், முடிவாகாத இடத்தில் கை நனைப்பது நம் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற உன் அப்பா அதற்குள் பாதி டம்ளரைக் காலி செய்திருந்தார்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே மனசு ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு முப்பத்தாறு வயது வரை ஒருவர் ஏன் தனியாக இருக்க வேண்டும். செராமிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் சூளைச் சரக்கைத் தட்டித் தட்டித் தரம் பிரித்த கை இது, கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் பளபளப்புக்கு உள்ளே கீறல். தூண், கதவு, பீங்கான் ஜாடி என்று ஒன்று விடாமல் தட்டிக்கொண்டே போனேன். அப்பா தேக்கு உத்தரத்தைப் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போய்விட்டார். ஒரு ஜாடி டொக்கென்றது. அகப்பட்டார் என்று திரும்பினால், கூடவே வந்த கோகுலகிருஷ்ணன் நான் வாய் திறக்கும் முன்பே, அது ஒட்ட வச்சதுங்க, அடியில எழுதியே வச்சிருக்கேன் என்றார். கூடத்துச் சுவரில் ஒரு விரிசலைப் பூசாமல் விட்டு, அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதியிருந்தார். ஏன் என்றேன். பூசி மறைச்சிட்டா அது வளருதா நின்னுடுச்சான்னு தெரியாதுங்க, சுவரு அசைஞ்சா இந்தக் கண்ணாடி உடைஞ்சி காட்டிக் குடுத்துடும் என்றார்.

விட்டேனா நான். வூட்டு விரிசலு இருக்கட்டும் தம்பி, ஒங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதா என்று கேட்டேன். எனக்கு முன்ன கல்யாணம் ஆயி எட்டு மாசத்துல கோர்ட்டுல முடிஞ்சதத்தான கேக்குறீங்க, அத தைப்பொங்கலப்பவே ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டதா, நீங்களும் சரின்னுட்டதா பூர்ணிமா சொன்னாங்களே என்றார். ஆமாம் தம்பி, சொன்னா என்றேன். உனக்காக ஒரு பொய் சொன்னேன். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கமலத்திடம் நானே காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஏற்கெனவே கல்யாணமாகி விலகியவர் என்று நீ சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். அவரிடம் ஒன்று சொல்லி எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, பஸ்ஸில் வழியெல்லாம் தேக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் சொல்ல மாட்டேன். இது கைக்குக் கிடைத்த அன்றே நீயே அப்பாவுக்குப் போன் செய்து சொல், மறக்காதே.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்தவரோடு நன்றாக இரு. இன்னொன்று. குறையைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கட்டினால் கொளஞ்சியப்பர் விசாரிப்பார் என்பது உனக்குத் தெரியும். என் மகளை ஏமாற்றப் பார்க்கிறார் என்று கோகுலகிருஷ்ணன் பெயரில் ஒரு பிராது எழுதி வைத்துவிட்டுத்தான் புதுச்சேரிக்கே புறப்பட்டேன். நேற்று அதை எடுத்து அவர் பெயரை அடித்துவிட்டேன். உன் பெயரை எழுதக் கை வரவில்லை. சீட்டு சாமி மாடத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
விருத்தாம்பாள்