படத்தில் இல்லாத கிணறு

கொக்குவில்
18.06.1984

நீரையும் நிலத்தையும் வேறுபிரித்து அவற்றுக்கு எல்லை வகுத்த பிதாவின் திருநாமத்தை முதற்கண் துதித்து இதனை எழுதுகிறேன்.

அன்புள்ள மகன் தேவராஜாவுக்கு, கர்த்தரின் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி பொன்மலரும் தேக சுகத்துடன் இருக்கிறோம், ரொறன்ரோவில் நீயும் அவ்வாறே இருக்கும்படி காலைச் செபத்தில் உன் பெயரைத் தவறாமல் சொல்லி வருகிறோம். ஊர் நடப்புகளைக் கடிதத்தில் எழுதுவது உசிதமன்று. உன் சித்திரை மாதக் கடிதம் சென்ற கிழமைதான் கைக்கு எட்டியது. இனி எழுதப்போவது உனக்கு இனிக்காது, எழுதுகிற எனக்கும் வாய் கசக்கிறது.

தங்கச்சியின் சீதன வீட்டுக்கு நீ கீறி அனுப்பிய படத்தின்படி நம் வளவின் தென்துண்டில் அத்திவாரம் முடிந்து சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. சமையலறைச் சுவரோடு ஒட்டி நீ வைத்த கக்கூசுக்குக் குழியும் வெட்டியாயிற்று. சமைக்கும் இடத்தையும் மலங்கழிக்கும் இடத்தையும் ஒரே சுவரில் சேர்த்த அழகைக் கண்டபோதே எனக்குக் குமட்டியது, அந்நாட்டு வழக்கம் அதுவென்று வேலையை மேற்பார்க்கும் உன் மாமா துரைராஜா சொன்னதால் பொறுத்துக்கொண்டேன். ஆனால் குழியின் விளிம்பில் நின்று வேலிக்கு அப்பால் பார்த்தபோது அந்தக் குமட்டல் அருவருப்பாயிற்று. பதினெட்டு அடி தூரத்தில் பத்மாவதி வளவுக் கிணறு. அதில் நமக்கும் பங்கு உண்டு, பங்கும் போய்வரும் வழியும் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, அந்தக் கிணற்றுக்கட்டில் நின்றுதான் இருபது வயதுவரை நீ குளித்தாய். படத்தை மறுபடி விரித்தேன். நம் காணியின் நான்கு எல்லைகளையும் நூல் பிடித்தாற்போலக் கீறியிருக்கிறாய், மாமரத்தைக்கூட ஒரு வட்டமாகக் குறித்திருக்கிறாய். வேலியோடு உன் பேனை நின்றுவிட்டது. கிணறு இல்லை.

மேசன் பேதுருவை அழைத்துக் கேட்டேன். "கிணறு எனக்கும் தெரிஞ்சதுதானே ஐயா. கனடாவிலை படிச்ச தம்பி அதைக் கீறாமல் விட்டால் அதுக்கொரு காரணம் இருக்கும் எண்டு நினைச்சன்" என்றான். உன் மாமாவோ சிரித்தார். "அத்தான், நீங்கள் தமிழ் படிப்பிச்ச மனிசன், உங்களுக்கேன் உந்தக் கக்கூசுக் கதை? எல்லாத்தையும் கீழை கிடக்கிற சுண்ணாம்புக் கல்லு வடிச்சு விடும். ஆவணியிலை மாப்பிள்ளை பகுதி வரேக்கை நான் குழியை மாத்திக்கொண்டு நிக்கிறதோ? தேவராஜா பிழை எண்டு ஒரு சொல் எழுதட்டும், அண்டைக்கே மூடுறன்" என்றார். கல் வடிக்கிறதா என்று நான் பார்த்தேன். உடுப்புக்குப் போடும் நீலத்தில் பத்துப் பொட்டலம் வாங்கிக் கரைத்து, பத்மாவதிக்கும் சொல்லிவிட்டு, அந்தக் குழியில் ஊற்றி மேலே எட்டு வாளி தண்ணீரும் விட்டேன். மூன்றாம் நாள் அவள் அள்ளிய தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஏந்தி வந்து வேலிக்கு மேலால் நீட்டினாள். நீலம் ஓடியிருந்தது. "மாஸ்ரர், நத்தார்ப் பெருநாளுக்கு உங்கடை வீட்டிலையிருந்து பலகாரம் வந்தது, தைப்பொங்கலுக்கு எங்கடை வீட்டிலையிருந்து புக்கை வந்தது. இனி உங்கடை வீட்டிலையிருந்து இதுவோ வரப்போகுது?" என்று கேட்டாள். கோப்பையை வாங்கி உன் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், நீ எழுதினால்தான் மூடுவேன் என்றே நின்றார். நீலம் தெளியும்வரை அவள் பிள்ளைகள் குடிதண்ணீருக்குத் தெருக்கோடிக்கு நடக்கிறார்கள். பொன்மலரும், "அப்பா, அந்தக் குழி இருக்குமட்டும் அந்த வீட்டிலை நான் ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாள்.

கட்டடக்கலைப் பொறியியல் தொழினுட்பம் என்று நீ பயிலும் பாடத்தின் பெயரை எழுதியபோது அதைப் பலமுறை உச்சரித்து மகிழ்ந்தேன். காகிதத்தில் கை வைக்குமுன் நிலத்தைப் போய்ப் பார்க்கவேண்டும், அயலான் சுவரையும் குறிக்கவேண்டும் என்பதே உங்கள் கல்லூரியின் முதற் பாடம் என்று எழுதியவனும் நீயே. அங்கே தண்ணீர் ஒரு குழாயில் வருகிறது, அழுக்கு இன்னொரு குழாயில் போகிறது, இரண்டும் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று எவரும் கேட்பதில்லை. இங்கே இரண்டும் ஒரே கல்லின் வெடிப்புக்குள் இருக்கின்றன. இரண்டு ஆண்டில் இதை மறந்தாயா? வேதாகமத்துப் பிதாக்கள் வெட்டிய துரவுகளைப் பகைவர் மண்ணிட்டுத் தூர்த்ததை ஞாயிறு பாடசாலையில் படித்தபோது கோபப்பட்டவன் நீ. அவர்கள் மண்தான் போட்டார்கள் மகனே.

என்னையும் நான் விடவில்லை. உன் படம் வந்த ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் அதைக் கோயில் மேசையில் விரித்து எல்லாருக்கும் காட்டினேன். கீழே உன் பெயரோடு ஆர்க்கிடெக்ற் என்று நீ போட்டிருந்ததைக் கண்டேன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன் என்பதை அறிந்தும் வாயை மூடிக்கொண்டேன், கேட்டவர்களுக்கு அந்த இடத்தை விரலால் சுட்டியும் காட்டினேன். அந்தப் பட்டத்தை நம்பித்தான் பேதுரு கண்ணால் கண்ட கிணற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டான். அந்த விரலை நினைக்க இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆகவே நீ செய்யவேண்டியது இது. இக்கடிதம் கண்ட அன்றே மாமாவுக்கு உன் கையெழுத்தில், நான் பிழை விட்டேன், குழியைத் தூர்த்துவிடுங்கள் என்று எழுது. காரணம் சொல்லாதே, எனக்கு எழுதியும் பயனில்லை. பின்னர் புதிய படம் ஒன்று கீறு. அதில் முதலில் கிணற்றைக் குறி, அங்கிருந்து அளந்துகொண்டு வீட்டுக்கு வா. உன் பெயருக்குக் கீழே மாணவன் என்று எழுது. நீ எழுதும்வரை நான் பகலில் அந்தக் குழியருகே கதிரை போட்டு இருந்து வேலையை மறிக்கிறேன், உன் மாமா என்னோடு கதைப்பதில்லை. படம் வந்ததும் அதே மேசையில், அதே ஆட்களுக்கு முன் விரித்து, முந்தியதில் எது இல்லை என்பதை நானே சொல்வேன்.

கடுமையாக எழுத வேண்டாம் என்று அம்மா கேட்டாள், அதனால் இதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவள் இடித்து வைத்த மிளகாய்த்தூள் அங்கு புறப்படும் ஆள் கிடைத்ததும் வரும். வேளைக்குச் சாப்பிடு. மாமாவுக்கு எழுதும் கடிதத்தை மறவாதே.

உன்னையும், உன்னோடு ஒரே கூரையின்கீழ் இருப்போரையும், நீ இனிக் கட்டப்போகும் வீடுகளில் குடியிருப்போரையும், அவற்றின் அயலில் தண்ணீர் அள்ளுவோரையும் கர்த்தர் காத்து ஆசீர்வதிப்பாராக.

உன் அன்புள்ள அப்பா,
ஆ. செபநாயகம்